வருபவர் அறிந்து விளையாட்டு

விடுமுறை நாளில் நண்பர்கள் நால்வர் வீட்டுக்கு வந்துவிட்டால், கடதாசிக் கட்டை எடுப்பதா, கரம் பலகையை இறக்குவதா என்ற கேள்வி எழுகின்றது. நம்மிற் பலர் தமக்குப் பிடித்ததையே மேசைமீது வைப்பர். வந்தவருள் அதனை அறியாதார் ஒருவர் இருப்பின் அவர் கதி என்னாகும்?

யாழ்ப்பாணத்தார் பெரிதும் விரும்பும் முந்நூற்றுநாலை எடுத்துக்கொள்வோம். ஆடுவோர் நால்வர்; சீட்டுகள் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 ஆக, நான்கு இனத்துக்கும் 304. பெயர் வந்த வழி இதுவே. ராசாவை ஒன்பது வெல்லும் என்பது புதியவர் மனத்திற் பதியவே ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். அன்றியும், இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடுவது இது. புதியவர் தவறான சீட்டை இறக்கினால், அவரோடு அவர் கூட்டாளியும் தோற்பார். அப்போது எழும் ஏச்சைக் கேட்டவர் (கூட்டாளிகள் கணவனும் மனைவியுமாயின் சொல்லவே வேண்டியதில்லை!) மறுமுறை நம் வாயிலை மிதிப்பாரோ? கைதேர்ந்த நால்வர் கூடும் நாளுக்கே இதனை வைத்துக்கொள்க.

பலதரப்பட்டோர் கூடினால் தாயமே தகும். சோகிகள் ஆளையும் பாரா, வயதையும் பாரா. பேரனிடம் பாட்டி வெட்டுண்டாலும் சிரிப்பே எழும். கரத்துக்கு விரற்பழக்கம் வேண்டுமெனினும், அருகிருந்து பார்த்தே விதிகளை அறிந்துகொள்ளலாம்.

யாரேனும் "காசு வைப்போமா?" என்று தொடங்கினால், நேயர்களே, அக்கணமே தேநீரைக் கொண்டுவந்து மேசைமீது வைத்துவிடுங்கள்.