உரிப்பொருள் இல்லாத படங்கள்

முதல், கரு, உரி எனப் பொருளை மூன்றாகப் பகுத்தது நம் அகத்திணை மரபு. நிலமும் பொழுதும் முதல். மரமும் பறவையும் கரு. மாந்தர் வாழ்வு உரி. இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் நிறைந்து வழியும் கம்பம் பள்ளத்தாக்குப் படங்களில் முன்னிரண்டும் உண்டு, மூன்றாவது இல்லை.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையின் பந்தலடியில் சிரித்த முகங்கள் நிற்கின்றன. மருந்தடிக்கும் கூலியாள் சட்டகத்துக்கு வெளியே. போடிமெட்டின் பனிமூட்டம் படமாகிறது. அதே மலைப்பாதைகளில் விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் படமாவதில்லை.

மகிழ்ச்சியைப் பகிர்வது குற்றமா என்பர். குற்றமன்று. ஆயின் மகிழ்ச்சியை மட்டுமே பகிரும் ஊரில் துயருற்றவன் தன் துயரைத் தன் ஒருவனின் தோல்வியென்று எண்ணத் தொடங்குகிறான். கூலி உயர்வு கேட்க வேண்டியவன் கூசி ஒதுங்குகிறான். நாம் எதிர்ப்பது இதைத்தான்.

அழகைக் காட்டினால் துயரைக் காட்ட இயலாது என்பதும் பொய். அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1977இல் '16 வயதினிலே' படத்துக்காகக் காமிராவை ஸ்டுடியோவுக்கு வெளியே கொண்டுவந்தார். அப்படத்தின் கிராமம் அழகுதான். ஆனால் சப்பாணி பட்ட அவமானமும் மயிலின் காத்திருப்பும் அதே சட்டகத்துள் இருந்தன. அதனாலன்றோ அது நம் ஊராயிற்று!

திராட்சைக் குலையைப் படமெடுங்கள். அதைப் பறித்த கையையும் சேர்த்தெடுங்கள்.