பப்பாளியின் மேல் பழி போடலாமா?



எங்கள் பிள்ளைப்பாக்கம் பக்கம் சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் இளம் பெண்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். புதுசாய்க் கல்யாணமானவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "அக்கா, பப்பாளி சாப்பிட்டா கரு தங்காதாமே, நெஜமா?"

பழம் வேறு, காய் வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் சினை எலிகளுக்குப் பழுத்த பப்பாளிச் சாறு கொடுத்துப் பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். கருவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காயின் பால் பட்டதும் எலியின் கர்ப்பப்பைத் தசை இழுத்துச் சுருங்கியது. ஆகவே கர்ப்பிணிகள் காயையும் செங்காயையும் தவிர்க்கட்டும். கனிந்த பழம் ஒரு துண்டு தின்றுவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் அழ வேண்டாம்.

ஆண் பிராணிகளையும் சோதித்திருக்கிறார்கள். ஜெய்ப்பூரில் பப்பாளி விதையிலிருந்து குளோரோஃபார்ம் கொண்டு பிரித்த சத்தை ஆண் கருமுகக் குரங்குகளுக்குக் கொடுத்ததில், மூன்று மாதத்தில் விந்தணுவே இல்லாமல் போயிற்று. நிறுத்தியதும் பழையபடி வந்தது. அங்கேயே 1978-ல் பாகற்காய்ச் சத்தை 60 நாள் கொடுத்த நாய்களுக்கும் விந்தணு உற்பத்தி கெட்டது. அதற்காகப் பாகற்காய்க் குழம்பை நிறுத்திவிடாதீர்கள்! அது வடித்தெடுத்த சத்து; நம் சட்டியில் வேகிறது வெறும் காய். ஆனால் குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில், கணவர் சர்க்கரைக்கென்று தினமும் பாகற்காய்ச் சாறோ பொடியோ சாப்பிட்டால் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

முக்கியமான சங்கதி இரண்டு. கரு கலைந்த மருமகளிடம், "பப்பாளி தின்னியா?" என்று கேட்காதீர்கள். ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறக்குறையப் பாதிக்குக் காரணம், கருவிலேயே உள்ள குரோமோசோம் கோளாறு. அவள் தின்றதும் இல்லை, தூக்கியதும் இல்லை.

இரண்டாவது, வேண்டாத கர்ப்பத்துக்குப் பப்பாளிக்காயை நம்பி நாள் கடத்தாதீர்கள். எலியின் தசை சுருங்கியதால் பெண்ணின் கரு கலைந்துவிடும் என்று அர்த்தமில்லை. கரு குழாயில் தங்கியிருந்தால் தாமதம் உயிருக்கே ஆபத்து. 1971 சட்டமும் 2021 திருத்தமும், கருத்தடை முறை தவறிக் கரு உண்டானால், கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் 20 வாரம் வரை டாக்டரிடம் கலைத்துக்கொள்ள வழி தந்திருக்கின்றன. பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதும் சட்டம்.

இப்போதைக்குக் குழந்தை வேண்டாமென்றால் அரசு ஆஸ்பத்திரியில் காப்பர்-டி இலவசம். கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள். பப்பாளிப் பழம் பாட்டுக்குத் தட்டில் இருக்கட்டும்!