கிளியை வெருட்ட ஒரு பருந்து

சோளம் பால் பிடிக்கத் தொடங்கினால் கிளிகளுக்கு யாரும் சொல்லி அனுப்பத் தேவையில்லை. விடியப்புறம் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு பொத்தியை முழுதாகத் தின்றாலும் பரவாயில்லை. இதில் இரண்டு கொத்து, அதில் இரண்டு கொத்து என்று எல்லாவற்றையும் பழுதாக்கிவிட்டுப் போகும். கொத்துப்பட்ட பொத்திக்குள் மழைத்தண்ணீர் இறங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். விற்கவும் முடியாது, விதைக்கு எடுக்கவும் முடியாது. கடன் எடுத்து அரை ஏக்கர் சோளம் போட்ட ஒரு சகோதரிக்கு இது சின்ன விடயம் அல்ல.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 5 நிமிடம், பயிரை அழிக்கும் குரங்கு, மயில் போன்றவற்றை நாடு முழுவதும் எண்ணினார்கள். எண்ணியது நல்லதுதான். ஆனால் நாளை விடிய வரப்போகும் கிளிக்கு நாங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

வழக்கமாகச் செய்வது வெருளி. இரண்டு தடியைக் குறுக்கே கட்டி, வைக்கல் அடைந்து, ஒரு சட்டையைப் போட்டு, சுண்ணாம்புப் பொட்டு வைத்த பழைய சட்டியைத் தலையாகக் கவிழ்த்தால் முடிந்தது. எங்கள் பகுதிகளில் இதில் சில கஷ்டங்கள் உண்டு. முதலாவது அந்தச் சட்டை. ஆண்துணை இல்லாத பல வீடுகளில் ஆம்பிளைச் சட்டை ஒன்று இருந்தால் அது பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது. அதை எடுத்துத் தோட்டத்தில் கட்டுங்கள் என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. இரண்டாவது, பொழுதுபட்ட பிறகு கிணற்றடிக்குப் போகும்போது வேலியோரம் ஒரு ஆள் நிற்பது போன்ற உருவம். நாங்களே கட்டியதுதான் என்று தெரிந்தும் நெஞ்சு திக்கென்கிறது. பிள்ளைகள் வெளியே போகவே மறுக்கின்றன. கிளியோ நாலாம் நாள் அந்த வெருளியின் கையில் வந்து குந்தும்.

வன்னியில் ஒரு கிராமத்தின் மாதர் சங்கத்துப் பெண்கள் இதற்கு வேறு வழி தேடினார்கள். அவர்களில் வயது கூடிய ஒரு அம்மா கேட்டாராம், “பருந்தைக் கண்டால் கோழிக்குஞ்சு ஒளிக்குது, கிளி ஒளிக்காதோ?” என்று. ஆள் உருவத்தை விட்டுவிட்டு, ஏழு அடிச் சிறகு விரித்த பருந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள்.

முதலாவது பருந்து உரப்பைக்குள் வைக்கல் அடைந்து செய்தது. பார்க்க நல்ல வடிவு. ஆனால் காற்றுக்கு அசையவில்லை. இரவு மழை பெய்ததும் வைக்கல் தண்ணீரைக் குடித்துப் பாரமேறி, கட்டிய தடியையும் வளைத்துக்கொண்டு நிலத்துக்கு வந்துவிட்டது. அடுத்ததற்கு உடம்பாக ஒன்றரை லீற்றர் வெறும் பிளாஸ்ரிக் போத்தலும், சிறகுக்குக் கமுகஞ் சிலாகையும், மேலே கறுப்புப் பொலித்தீனும் போட்டார்கள். நன்றாகப் பறந்தது, இரண்டு நாள். மூன்றாம் நாள் பொலித்தீன் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. பிறகுதான் உடைந்த குடைகளைச் சேர்த்தார்கள். குடைச்சீலை தண்ணீரைக் குடிக்காது, இலேசில் கிழியாது. மூன்று குடைச் சீலைகளைப் பொருத்தித் தைத்தால் இரண்டு சிறகும் வாலும் சரியாக வரும். சிறகில் நாலு இடத்தில் விரல் நீளத்துக்கு வெட்டி விட வேண்டும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் சிலாகை முறிந்துவிடும். வெட்டின ஓரத்தையும் மடித்துத் தைக்க மறக்காதீர்கள்.

அடுத்தது பெரிய தலையிடி. நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் பருந்து காற்றாடிபோலச் சுழன்று, கயிறு முறுகி, கடைசியில் தடியோடு சுற்றிக்கொண்டு நின்றது. சுற்றாமல் இருக்க இரண்டு கயிறு கட்டிப் பார்த்தார்கள். அப்போது அசைவே இல்லை. கடைசியில் தலைப்பக்கத்துக்கு ஒரு சின்னப் போத்தல் வைத்து, அதற்குள் மணல் போட்டார்கள். மணலைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, உருவத்தை ஒரு விரலில் வைத்தால் சரிந்து விழாமல் சமநிலையில் நிற்கும் இடம் எதுவென்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் கயிற்றைக் கட்டினார்கள். தலை பாரமானதால் அந்த இடம் முன்னுக்கு வந்துவிடும். அகலமான வால் பின்னுக்கு நீண்டு காற்றைப் பிடிக்கும். காற்று எந்தப் பக்கம் மாறினாலும் பருந்து தலையைக் காற்றுக்குத் திருப்பி, ஏறி இறங்கி ஆடும். இதைச் செய்து காட்டியவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட ஒரு சகோதரி. கயிறு முறுகாமல் இருக்க, மீன்பிடிச் சாமான் கடையில் விற்கும் சுழலி ஒன்றை இடையில் போட்டால் இன்னும் நல்லது.

தடிக்குப் பதினைந்து அடி மூங்கில். அதை ஒரே இடத்தில் ஆழமாக நட்டால் பிறகு கிளப்ப முடியாது. ஒரே இடத்தில் நின்றால் கிளிக்கும் பழகிப்போகும். அதனால் தோட்டத்தின் மூன்று இடங்களில் உறுதியான பூவரசங் கட்டைகளை இரண்டு அடி ஆழத்தில் நட்டு, மூங்கிலை அந்தக் கட்டையோடு சேர்த்துக் கட்டினார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அவிழ்த்து அடுத்த கட்டைக்கு மாற்ற இரண்டு பேர் போதும். கோழிக்கூட்டுப் பக்கம் மட்டும் கட்ட வேண்டாம். கோழிகள் தீன் தின்ன வெளியே வராமல் இருந்துவிடும்!

யாழ்ப்பாணத்துப் பட்டங்களுக்குப் பூட்டுவதுபோல இதற்கும் விண் பூட்டினால் சத்தத்துக்கும் கிளி பயப்படும் என்று ஒருவர் யோசனை சொல்ல, அதையும் செய்தார்கள். பின்னேரக் காற்றுக்கு அது மேலே நின்று ‘ங்ங்...’ என்று இரைந்தது. யுத்தக் காலத்தில் வேவு விமானத்தை வன்னிச் சனம் ‘வண்டு’ என்று சொல்லும். அந்த இரைச்சலைக் கேட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பக்கத்து வீட்டு அம்மா சமைத்ததை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டாராம். அன்று பொழுதுபடுவதற்குள் விண்ணை அறுத்து எறிந்துவிட்டார்கள். அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். நாலு பொத்தி கூடுதலாகப் போனாலும் போகட்டும்.

சாமான் தேடும்போது ஒரு கவனம். பற்றைக்குள்ளோ, பழைய காவலரண் இருந்த பக்கத்திலோ கிடக்கும் இரும்புக் குழாய், ரின், வயர் எதையும் எடுக்க வேண்டாம், பிள்ளைகளை எடுத்து வரச் சொல்லவும் வேண்டாம். கட்டை நடக் கிண்டும்போது சந்தேகமான பொருள் தென்பட்டால் கைவைக்காமல் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

இந்தப் பருந்து கிளி, மைனா, புறா ஆகியவற்றுக்கு உதவும். மயில் நடந்து வருவதால் மேலே பார்ப்பது குறைவு. அதற்கு முழங்கால் உயரத்தில் பழைய கசற் நாடாவை இழுத்துக் கட்டுவதால் கொஞ்சம் பலன் உண்டு. குரங்கு இரண்டு நாளில் விளங்கிக்கொள்ளும். பன்றியும் யானையும் இரவில் வருபவை, அவற்றுக்கு வெருளி ஒரு பொருட்டே இல்லை. அதற்காகப் பன்றி வெடி வைக்கவும், வேலிக்கம்பிக்கு வீட்டு மின்சாரம் கொடுக்கவும் யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த வெடியைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் நாட்கணக்கில் கிடந்து செத்த யானைகள் பல. வேலி மின்சாரத்தில் செத்தவர்களில் அதைப் போட்ட வீட்டுக்காரரும் இருக்கிறார்கள்.

பருந்தை வருடம் முழுக்கத் தொங்கவிடாதீர்கள். விதை போட்டு முளை தலைகாட்டும் வரைக்கும், பிறகு பால் பிடித்த நாள் தொடக்கம் பொத்தி முறிக்கும் வரைக்கும் போதும். இடையில் கழற்றி, போத்தல் மணலைக் கொட்டி, சீலையைக் காயவைத்துச் சுருட்டி, எலி ஏறாத உயரத்தில் வளையில் கட்டிவிடுங்கள். சிலாகை முறிந்திருந்தால் அப்போதே மாற்றினால், அடுத்த போகத்துக்கு ஓடித்திரியத் தேவையில்லை.