ஆடித் தள்ளுபடி... காருக்கு ஒத்துவருமா?

திருச்சிக்காரர்களுக்கு என்.எஸ்.பி. ரோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆடி பிறந்தால் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கக்கூட இடம் இருக்காது. அதே கடைகளில் ஆனி மாதக் கடைசியில் போய்ப் பாருங்கள், ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ‘இன்னும் பத்து நாள்ல தள்ளுபடி வருது, இப்ப எதுக்கு வாங்கணும்?’ என்ற கணக்கு நமக்கெல்லாம் ரத்தத்திலேயே ஊறியது.

ஜவுளிக்கடைக்கு இதனால் நஷ்டமில்லை. ஆனியில் புடவை வாங்கியவர், ஆடியில் அதே புடவை 300 ரூபாய் குறைந்திருப்பதைப் பார்த்தால் உச்சுக்கொட்டிவிட்டு, இன்னொரு புடவை எடுத்துக்கொண்டு போய்விடுவார். 15 லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கியவர் அப்படிப் போவாரா?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “தீபாவளிக்கு மின்சாரக் கார் வாங்கலாம்னு இருக்கோம். விலை இன்னும் குறையும்னு எல்லாரும் சொல்றாங்க. காத்திருக்கலாமா?” இதே கேள்வியைத்தான் கார் கம்பெனிகளும் எதிர்ப்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. விலையைக் குறைத்தால் கூட்டம் வரும், லாபம் போகும். குறைக்காவிட்டால் லாபம் நிற்கும், கார் விற்காது. எங்கே நிறுத்துவது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு காரின் விலை 15 லட்சம். வரி, பேட்டரி, உதிரிபாகம், டீலர் கமிஷன் எல்லாம் போக கம்பெனி கையில் 1.5 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் போட்ட எண்). தொழிற்சாலைக் கடனுக்கு வட்டி, ஆபீஸ் சம்பளம், லாபம் எல்லாம் இந்த ஒன்றரை லட்சத்துக்குள்தான். இப்போது விலையில் 1 லட்சம் குறைக்கிறார்கள். நமக்கு அது 7 சதவிகிதத்துக்கும் குறைவான தள்ளுபடி, ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். கம்பெனிக்கோ 1.5 லட்சம், 50 ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. 100 கார் விற்றுச் சம்பாதித்ததை மறுபடி சம்பாதிக்க 300 கார் விற்றாக வேண்டும்.

டெஸ்லாவுக்கு நடந்தது

2023 ஜனவரியில் அமெரிக்காவின் டெஸ்லா தன் கார்களின் விலையை அதிரடியாகக் குறைத்தது. சில மாடல்களுக்கு 20 சதவிகிதம் வரை. விற்பனை கூடியது உண்மைதான். 2022-ல் 13.1 லட்சம் கார்கள், 2023-ல் 18.1 லட்சம். ஆனால் 2022-ல் 100 ரூபாய்க்கு விற்றால் உற்பத்திச் செலவு போக 25.6 ரூபாய் நின்ற இடத்தில், 2023-ல் 18.2 ரூபாய்தான் நின்றது. 2024-ல் விற்பனையும் 17.9 லட்சமாக இறங்கிவிட்டது. தள்ளுபடி கொண்டுவந்த கூட்டம் ஒரு வருஷத்துக்குமேல் தாங்கவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. புதுக் கார் விலை இறங்கினால் பழைய கார் விலையும் கூடவே இறங்கும். மின்சாரக் கார்களை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஹெர்ட்ஸ் நிறுவனம், 2024 ஜனவரியில் அவற்றில் 20,000 கார்களை விற்றுத் தள்ளுவதாக அறிவித்தது. அதற்காகத் தேய்மானக் கணக்கில் எழுதிய தொகை மட்டும் சுமார் 24.5 கோடி டாலர். பெரிய கம்பெனி, எழுதிவிட்டுப் போனது. தனி மனிதருக்கு அந்த வசதி இல்லை.

நம்மூர்க் கதை

2024 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ், நெக்ஸான் ஈ.வி. விலையை 1.2 லட்சம் வரை குறைத்தது. பேட்டரி விலை குறைந்திருக்கிறது, அந்தப் பலனை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம் என்றார்கள். நியாயமான காரணம். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் பண்டிகைச் சலுகை என்று மறுபடி குறைத்தார்கள். இந்த முறை 3 லட்சம் வரை, 12.49 லட்சத்திலிருந்து நெக்ஸான் ஈ.வி. அந்த ஜனவரியில் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். பொங்கலுக்கு வாங்கிய கார், சரஸ்வதி பூஜைக்குப் பொட்டு வைப்பதற்குள் இரண்டு முறை விலை இறங்கிவிட்டது.

குறைத்ததே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பேட்டரி விலை நிஜமாகவே சரிந்திருக்கிறது. புளூம்பெர்க் நியூ எனர்ஜி ஃபைனான்ஸ் கணக்குப்படி, ஒரு கிலோவாட் மணி நேரக் கொள்ளளவுக்கான பேட்டரியின் உலகச் சராசரி விலை 2024-ல் மட்டும் 20 சதவிகிதம் குறைந்து 115 டாலருக்கு வந்தது. 45 கிலோவாட் மணி நேர பேட்டரி வைத்த காருக்கு இது ஏறக்குறைய 4.5 லட்ச ரூபாய். செலவு குறைந்து விலை குறைவது ஒன்று. விற்காமல் நிற்கும் வண்டியைத் தள்ளிவிட விலை குறைப்பது வேறு. முதலாவதில் கம்பெனிக்கு நஷ்டமில்லை. இரண்டாவது, ‘அடுத்த ஆடிக்கு வாங்கிக்கலாம்’ என்று வாடிக்கையாளருக்கு நாமே பழக்கிவிடுவது மாதிரி. வெளியே நிற்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால், எதனால் குறைக்கிறோம் என்பதைக் கம்பெனி தெளிவாகச் சொல்வது ரொம்ப முக்கியம்.

பெரியப்பா கணக்கும் டிரைவர் கணக்கும்

பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிப் பக்கம் இருக்கிறார். ஆறு மாதமாக மின்சாரக் கார் விளம்பரங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறார், வாங்கவில்லை. ஒருநாள் பேப்பர், பேனாவுடன் உட்கார்ந்தோம்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். 15 கி.மீ. மைலேஜ் என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.70 ரூபாய். மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடும், வீட்டில் சார்ஜ் போட யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். மிச்சம் சுமார் 5 ரூபாய். பெட்ரோல் காரைவிட மின்சாரக் கார் 3 லட்சம் அதிகம் என்றால், அதை மீட்க 60,000 கி.மீ. ஓட்ட வேண்டும்.

“ஏம்மா, சமயபுரம், தஞ்சாவூர், எப்பவாவது ஏர்போர்ட். வருஷத்துக்கு நான் ஓட்றதே ஆறாயிரம் கிலோமீட்டர்” என்றார் பெரியப்பா. அப்படியென்றால் பத்து வருஷம். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஜங்ஷனுக்கும் சவாரி ஓட்டும் கால் டாக்ஸி டிரைவர் ஒரு நாளைக்கு 150 கி.மீ., வருஷத்துக்கு 300 நாள் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால் 45,000 கி.மீ. ஒன்றேகால் வருஷத்தைத் தாண்டியதும் காசு திரும்பிவிடும். வெளியே சார்ஜர் நிலையத்தில் கூடுதல் விலைக்கு ஏற்றினாலும் இரண்டு வருஷத்துக்குள்.

இப்போது கம்பெனி 50,000 ரூபாய் குறைக்கிறது. பெரியப்பாவின் பத்து வருஷம் எட்டு வருஷம் சொச்சம் ஆகும். டிரைவரின் 16 மாதம் 13 மாதம் ஆகும். இருவரின் முடிவும் மாறாது! டிரைவர் எப்படியும் வாங்குவார். அவருக்குக் கொடுத்த 50,000 கம்பெனிக்கு வெறும் செலவு. பெரியப்பா எப்படியும் யோசித்துக்கொண்டேதான் இருப்பார்.

ஏனென்றால் அவர் பயம் விலை இல்லை. எட்டு வருஷம் கழித்து பேட்டரி போனால் என்ன செலவாகும்? அபார்ட்மென்ட்டில் பொது பார்க்கிங்கில் சார்ஜர் வைக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ளுமா? (வீதியில் நிறுத்தி ஒயர் இழுக்க முடியாது. தேரோட்டம் என்றால் சைக்கிள்கூட நிற்கக் கூடாது.) நாளைக்கு விற்றால் யார் வாங்குவார்? கம்பெனி செலவழிக்க நினைக்கும் அந்த 50,000-ஐ இந்த மூன்று கேள்விகள் மேல் போட்டால் பெரியப்பா நகர்வார் என்பது என் அபிப்பிராயம்.

சில கம்பெனிகள் அதைச் செய்யவும் ஆரம்பித்துவிட்டன. 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்ஸர், காரையும் பேட்டரியையும் பிரித்து விலை வைத்தது. பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 3.50 ரூபாய் வாடகை. வித்தியாசம் 3.51 லட்சம், அதாவது 1 லட்சம் கிலோமீட்டர் வாடகை. யாருக்கும் தள்ளுபடி கொடுக்காமலே ‘பத்து லட்சத்துக்குள் கார்’ என்று விளம்பரம் செய்ய முடிந்தது. கூடவே முதல் உரிமையாளருக்கு ஆயுள்கால பேட்டரி வாரன்டி, மூன்று வருஷத்தில் 60 சதிவிகித விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி. அடுத்தடுத்த மாதங்களில் நாட்டிலேயே அதிகம் விற்ற மின்சாரக் கார் அதுதான். 2025 ஜூனில் ஹாரியர் ஈ.வி.யை அறிமுகப்படுத்தியபோது டாடாவும் ஆயுள்கால பேட்டரி வாரன்டியோடுதான் வந்தது. (வாடகைத் திட்டத்தில் கையெழுத்துப் போடும் முன், மாதத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ. என்று நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியப்பா மாதிரி 500 கி.மீ. ஓட்டுபவருக்கு அது கையைக் கடிக்கும்.)

மஹிந்திரா வழி இன்னொன்று. 2024 நவம்பர் 26-ல் சென்னையில் வைத்து பி.இ. 6 காரை 18.90 லட்சத்திலிருந்து அறிமுகம் செய்தது. சார்ஜர் விலை தனி. விலை உயர்ந்த மாடலை முதலில் டெலிவரி, குறைந்த விலை மாடல் பிறகு. 2025 பிப்ரவரி 14-ல் புக்கிங் திறந்த முதல் நாளே, கூடவே வந்த எக்ஸ்.இ.வி. 9இ-யையும் சேர்த்து 30,179 பேர் பதிவு செய்தார்கள். காசு இருப்பவரிடம் முதலில் விற்றுவிட்டு, மெதுவாகக் கீழே இறங்குவது. பத்து மாதம் கழித்து 3 லட்சம் குறைப்பதைவிட இது கௌரவமான வழி.

தூத்துக்குடியில் வந்திருக்கும் வியட்நாமின் வின்ஃபாஸ்ட்டுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடினம். 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்த தொழிற்சாலை. ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் திறன். செப்டம்பரில் வி.எஃப்.6 காரை 16.49 லட்சத்துக்கு அறிமுகம் செய்தார்கள். பெயரே தெரியாத கம்பெனி. தொழிற்சாலை சும்மா கிடந்தால் ஒவ்வொரு கார் தலையிலும் கட்டடச் செலவு ஏறும். ஏற்றி விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள். தாய்க் கம்பெனியோ 2024-ல் சுமார் 97,000 கார்கள் விற்று, 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியிருக்கிறது. காலி தொழிற்சாலைக்காரர் கொஞ்சம் நஷ்டத்துக்கு விற்பதில் தர்க்கம் உண்டு. ஆனால் எத்தனை நாளைக்கு?

டிசம்பர் 31

கம்பெனிகள் கையில் இல்லாத இரண்டு விலைகளும் இருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி., செஸ்ஸோடு சேர்த்து 29 சதவிகிதமாக இருந்தது, 18 ஆகிவிட்டது. 10 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் ஒரே நாளில் சுமார் 85,000 இறங்கியது. மின்சாரக் காருக்கு ஏற்கெனவே 5 சதவிகிதம்தான் என்பதால் அதில் மாற்றமில்லை. யாரும் ஒன்றும் செய்யாமலே மின்சாரக் கார் ‘விலை ஏறிவிட்டது’.

இன்னொன்று நம் சாலை வரி. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவிகிதம். 2025-ல் மின்சாரக் காருக்கு முழு விலக்கு இருந்தது. 15 லட்சம் காரில் சுமார் 2.7 லட்சம் மிச்சம். பல கம்பெனிகளின் ‘மெகா ஆஃப’ரும் இவ்வளவு வராது. இந்த விலக்கு 2025 டிசம்பர் 31 வரை என்றுதான் அறிவிக்கப்பட்டிருந்தது.

ஆகவே வாசகிக்கு என் பதில்: வீட்டில் சார்ஜ் போட வழி இருந்து, வருஷத்துக்கு 12,000 கி.மீ.க்கு மேல் ஓட்டுவீர்கள் என்றால், சாலை வரி விலக்கு இருக்கும்வரை, காத்திருந்து கிடைக்கக்கூடிய 50,000-ஐவிடக் கையில் இருக்கும் 2.7 லட்சம் பெரிது. பேட்டரி வாரன்டி எத்தனை வருஷம், வண்டியை விற்றால் இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரியப்பா மாதிரி குறைவாக ஓட்டுபவர் என்றால் அவசரமே இல்லை.

கம்பெனிகளுக்கு? டிசம்பர் என்பது கார் உலகின் ஆடி மாதம். வருஷம் மாறினால் வண்டி ‘பழசு’ என்பதால் டீலர்கள் விலையை இறக்குவது வழக்கம். விலக்கு முடியவிருக்கும் டிசம்பரில் சாலை வரிக்காகவே கூட்டம் வரும். வருகிற கூட்டத்துக்குத் தள்ளுபடியும் கொடுப்பது வீண். விலக்கை அரசு நீட்டிக்காவிட்டால் ஜனவரியில் ஷோரூம்கள் வெறிச்சோடும். சேர்த்துவைத்த காசுக்கு அப்போதுதான் வேலை இருக்கிறது.