துண்டிலிருந்து அட்டைக்கு: தோட்டச் சம்பளம் யார் கையில்?

மாதத்தின் பத்தாம் திகதியை ஒட்டிய நாட்களில் பதுளை, பசறை, பண்டாரவளை நகரங்களின் ஏ.டி.எம். வரிசைகளில் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களையும் காணலாம். வரிசையில் நிற்கும் எல்லோரிடமும் இருப்பது அவரவர் அட்டை அல்ல. அம்மாவின் அட்டையோடு மகன் நிற்பார். பக்கத்துக் காம்பராக்காரரின் அட்டையோடு இன்னொருவர் நிற்பார். கடனுக்குப் பிணையாக வாங்கிய அட்டையோடு வட்டிக்காரரும் வரக்கூடும். இயந்திரம் இவர்களிடையே வேறுபாடு பார்ப்பதில்லை.

காரணம் எளிது. அட்டையின் பின்புறமுள்ள கறுப்புப் பட்டையில் மிக நுண்ணிய காந்தத் துகள்கள் இருக்கின்றன. வாசிப்பானில் அட்டையை இழுக்கும்போது, துகள்களின் காந்தத் திசை மாறும் இடங்களில் வாசிப்பானின் சுருளில் சிறிய மின்துடிப்பு எழும். அந்தத் துடிப்புகளே எண்களாக மாறுகின்றன. வங்கிகள் பயன்படுத்தும் இரண்டாவது தடத்தில் 40 எழுத்துருக்கள்தான் அடங்கும்: அட்டை இலக்கம், காலாவதித் திகதி, சில குறியீடுகள். கணக்கில் உள்ள பணம் அதில் இல்லை. வங்கியின் கணினியிடம் கேட்டுத்தான் ஏ.டி.எம். பணம் தருகிறது. ஹோட்டல் அறைக் கதவைத் திறக்கும் பட்டை அட்டையும் இப்படித்தான் வாசிக்கப்படுகிறது.

பட்டையில் உள்ள விபரம் மாறாதது. அதனால் ஒருமுறை களவாக வாசித்தவர் போலி அட்டை செய்துவிடலாம். 'சிப்' அட்டை ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய குறியீட்டை உருவாக்குவதால் அதை நகலெடுப்பது கடினம். 2033 ஆம் ஆண்டளவில் தன் அட்டைகளில் காந்தப் பட்டையே இராது என மாஸ்டர்கார்ட் நிறுவனம் 2021 இல் அறிவித்தது.

ஆனால் அட்டையும் இரகசிய இலக்கமும் இன்னொருவர் கையில் இருந்தால் சிப்பும் காப்பாற்றாது. மலையகத்துக்கு இது பழைய கதை. கங்காணி காலத்தில் 'துண்டு' என்றொரு கடிதம் இருந்தது. கடனைக் கட்டினால் தொழிலாளியை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதித் தரும் சீட்டு அது. அதைக் காட்டிக் கங்காணி வேறு தோட்டத்தில் பெரிய முற்பணம் வாங்கினார். கடன் தொழிலாளியின் தலையில் ஏறியது. துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு காகிதத்தை வைத்திருப்பவரிடம் மனிதரின் உழைப்பே சிக்கிவிடும் நிலை அதோடு முடிந்ததாகச் சொல்ல முடியவில்லை. அட்டை கையில் இல்லாதவருக்கு என்ன நேரும் என்பதைப் போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் வடக்கு, கிழக்கு மக்களும் கொழும்புக்கு வேலைக்குப் போன மலையக இளைஞர்களும் ஒருசேர அறிந்தார்கள்.

"அட்டையைக் கொடுக்காதீர்கள்" என்று மக்களிடம் சொல்வதோடு வங்கிகளின் பொறுப்பு தீராது. இயந்திரத்தை எப்படி இயக்குவது என்பதைத் தோட்டத்துக்கே வந்து தமிழில் கற்றுக்கொடுக்க வேண்டும். பணம் எடுக்கப்பட்டதும் தமிழில் குறுஞ்செய்தி வர வேண்டும். வங்கி முறைப்பாட்டைத் தீர்க்காவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அந்த இலக்கம் ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் இருக்க வேண்டும். சம்பளம் உழைத்தவரின் பெயரில் கணக்கில் விழுந்தால் போதாது, அது அவர் கைக்கே வந்து சேர வேண்டும்.