முகூர்த்த நொடியும் நினைவக அட்டையும்

முகூர்த்த நாள்களில் திருமலையிலும் திருப்பதியிலும் விடியுமுன்னரே நாகசுர ஒலி எழுந்துவிடுகிறது. சித்தூர், திருப்பதி மாவட்டத்தினர் மட்டுமன்றி, வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து ஏழுமலையான் அடியில் இல்லறம் தொடங்குவோர் பலர். கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லையாதலால், மண்டபத்தில் எடுக்கப்படும் படங்களே அந்நாளின் சான்றாக எஞ்சுகின்றன. அவற்றைத் தாங்கி நிற்பதோ, அஞ்சல்தலை அளவேயான ஒரு மெமரி கார்டு.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் முதல்நாள் மாலை வரவேற்புப் படங்கள் யாவும் பழுதின்றி இருந்தன. மறுநாள் விடியலில் எடுத்த தாலி கட்டும் படங்களில் ஒன்றேனும் திறக்கவில்லை. கேமராவில் குறையில்லை, ஒளிப்படக் கலைஞரிடத்தும் கவனக்குறைவில்லை. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய அட்டையே போலி.

கொள்ளளவு குறைந்த அட்டையில், மிகுதியாக உள்ளதெனக் காட்டும்படி மென்பொருளைத் திருத்தி விற்பதே போலி அட்டையின் சூழ்ச்சி. 64 ஜி.பி. எனப் பொறித்திருக்கும், உள்ளே இருப்பது 8 ஜி.பி.யாகவும் இருக்கலாம். உண்மையான இடம் நிரம்பும்வரை ஐயம் எழாது. அதன்பின் எடுப்பவை பதியாமலோ, முன்னவற்றை அழித்தோ போகும். கேமரா எச்சரிப்பதும் இல்லை. ஆகவே, நம்பத்தக்க விற்பனையாளரிடம் பட்டியலுடன் வாங்குவதும், வாங்கியவுடன் கணினியில் அட்டை முழுவதையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிப்பதும் இன்றியமையாதவை. இதற்கென இலவசச் செயலிகள் உள்ளன.

அடுத்தது வேகம். அட்டையின் முகப்பில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகமே. படம்பிடிப்போருக்கு வேண்டுவது எழுதும் வேகம். ‘வி30’ என்னும் குறி, நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாமல் தொடர்ந்து எழுத வல்லது என உணர்த்தும். நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே காணொளிக்கு வேண்டுவது 12.5 மெகாபைட்டே. எனவே, பெரும்பாலான திருமணப் பணிகளுக்கு வி30 போதும். இதே வீதத்தில் 64 ஜி.பி. அட்டை ஏறத்தாழ 85 நிமிடம் தாங்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும். பழைய கேமரா வைத்திருப்போர் மற்றொன்றையும் நோக்குக: 32 ஜி.பி.க்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. வகையை அது ஏற்குமா என்பதைக் கையேட்டில் பார்த்த பின்னரே வாங்க வேண்டும்.

ஒரே பெரிய அட்டையா, இரண்டு சிறியவையா? இடையில் அட்டை மாற்றினால் அரிய காட்சி தவறிவிடும் என்பர் சிலர். அதில் உண்மை உண்டு. எனினும், முழுநாள் உழைப்பும் ஒரே அட்டையில் தங்கி, அது பழுதுற்றால் எஞ்சுவது ஒன்றுமில்லை. இரு அட்டைகள் பொருத்தத்தக்க கேமராவாயின், இரண்டிலும் ஒருங்கே பதியச் செய்வதே சிறப்பு. இல்லையேல், முகூர்த்தத்திற்கு முன் ஓய்வான வேளையில் சோதித்த வேறொரு அட்டையை இடுக. ஆதலின் இரண்டு சிறியவையே நம் தேர்வு.

இவ்வளவும் செய்தபின்னும் அட்டையைக் கருவூலமாகக் கருதலாகாது. அது கொண்டுசெல்லும் கலமே. மின்னூட்டமாக அதில் தங்கும் பதிவு ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிந்து மறையக்கூடும். அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளை அவர் வழிவந்தோர் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலில் தனியறையில் வைத்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அவ்வேடுகள் 20-ஆம் நூற்றாண்டில் வெளிக்கொணரப்பட்டு அச்சேறின. காத்தவர்கள் செம்பைத் தேர்ந்ததும், காப்பறை அமைத்ததும் தற்செயலல்ல. நாமும் அன்றிரவே படங்களைத் தனித்தனியான இரண்டு வட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். படங்கள் உரியவர் கைக்குச் சேரும்வரை அட்டையை அழித்தலும் கூடாது. தவறி அழிந்துவிட்டாலோ, அதில் மேலும் படமெடாது நிறுத்துக. மீட்க வழி இருக்கும்.

2015-இல் தொடங்கிய முத்ரா திட்டம் போன்றவற்றில் கடன் பெற்றுக் கேமரா வாங்கித் தொழில் நடத்தும் இளைஞர் இப்பகுதியிலும் உளர். கேமராவையும் லென்ஸையும் பல நாள் ஆய்ந்து தேரும் அவர்கள், அட்டையை மட்டும் போகிற வழியில் வாங்குவது முறையன்று. கேமரா பழுதானால் இரவல் பெறலாம். தாலி கட்டும் நொடியை எவரிடம் இரவல் பெறுவது? கடனுக்கான செலவுப் பட்டியலிலேயே நல்ல அட்டைகள் இரண்டையும் எழுதிச் சேர்ப்பீராக என்பதே நம் வேண்டுகோள்.