சொகுசுக் கப்பலும் சோற்றுக் கேள்வியும்

முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் ஏறப்போகிறவர் கேட்கும் கேள்விகளை வைத்துச் சிரிப்பது புலம்பெயர்ந்த நம்மவரிடையே ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. "கப்பலிலை சோறு குடுப்பினமோ?" என்று கேட்ட அம்மாவின் கதையை மூன்று கலியாண வீடுகளில் மூன்று பேர் எனக்குச் சொல்லியிருக்கின்றனர். ஒருவர் கதையில் அவர் கிளிநொச்சி அம்மா, மற்றவர் கதையில் முல்லைத்தீவு அம்மா, மூன்றாமவர் கதையில் நெடுங்கேணி அம்மா. எவ்வாறாயினும் வன்னி அம்மாதான். சிரித்தவர்களிடம் நான் ஒன்றையே திருப்பிக் கேட்டேன்: சரி, சோறு கொடுப்பார்களா, மாட்டார்களா? ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கொடுப்பார்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் சோறும் உண்டு, ஏதோ ஒரு வகைக் கறியும் உண்டு. மரக்கறி மட்டும் உண்பவர் அதனைப் பயணம் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை விரதத்தைக் கப்பலில் ஏறிய பின் பரிமாறுபவரிடம் விளக்கிக்கொண்டிருக்க இயலாது. பிள்ளைகள் பயணப்பெட்டியில் ஒளித்து வைத்துக் கொடுக்கும் சிறிய றைஸ் குக்கரை ஏறும் இடத்திலேயே பிடுங்கி வைத்துக்கொள்வர். மின்னழுத்தி, மெழுகுவர்த்தி ஆகியவற்றுக்கும் அதே கதிதான். கற்பூரம் கொளுத்துவதை நினைத்தும் பார்க்கலாகாது. இதிலே குறை சொல்ல எதுவுமில்லை. நடுக்கடலில் தீயைவிடக் கொடியது வேறில்லை என்பதைக் கடலோடிகள் அறிவர். ஆனால், இந்த நான்கு வரியைத் தமிழில் எழுதிக் கொடுக்க ஒரு முகவருக்கு எத்தனை நிமிடம் செல்லும்?

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலிற் கழித்துவிட்டு இன்று வவுனியாவில் இருக்கும் என் வீட்டு வாசலுக்கு, ஆங்கிலக் காகிதம் ஒன்றைக் கையிற் பிடித்தபடி ஆட்கள் வருவது வழக்கம். முன்னர் அவை காணி உறுதி, காணாமற்போனோர் பற்றிய கடிதம், மீள்குடியேற்றப் படிவம் என்றிருந்தன. அண்மைக் காலமாக அவற்றிடையே கப்பற் பயணச் சீட்டுகளும் வரத் தொடங்கியுள்ளன. றொரன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் பிள்ளைகள் பெற்றோரின் அறுபதாம், எழுபதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தைக் கப்பலில் வைக்கின்றனர். நல்லது, நான் அதற்கு எதிரியல்லன். பங்கருக்குள் பிள்ளை வளர்த்தவர்கள் பளிங்குப் படியில் நடந்தால் எனக்கு மகிழ்ச்சியே. எனது சினம் வேறு இடத்தில். தமிழில் விளம்பரம் செய்து தமிழரிடம் பணம் வாங்குகிற முகவர்கள், பணம் கைமாறும் வரைதான் தமிழ் பேசுகிறார்கள். அதன் பின்னர் வரும் நிபந்தனைகள் யாவும் பொடி எழுத்து ஆங்கிலம்.

விலையை எடுத்துக்கொள்வோம். விளம்பரத்தில் உள்ள தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆளொன்றுக்குச் சொல்லப்படுவது. தனியே போகிறவர் பல கப்பல்களில் ஏறத்தாழ இருவருக்கான கட்டணத்தையே செலுத்த நேரும். இது உலக வழக்கம் என்பர். வன்னியில் எத்தனை வீட்டில் தாய் மட்டும் எஞ்சியிருக்கிறாள் என்பதை நான் புள்ளிவிபரம் கொண்டு நிறுவத் தேவையில்லை. அவளைப் பொறுத்தவரை அந்த "இருவர்" என்ற சொல்லுக்குள் எவ்வளவு பணம் ஒளிந்திருக்கிறது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அடுத்தது பணியாளருக்கான அன்பளிப்பு. அன்பளிப்பு என்றால் விரும்பினால் கொடுப்பது என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். அங்கோ அது நாள்தோறும் கணக்கில் தானாகவே ஏறுகிறது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 அமெரிக்க டொலர். பதினெட்டு என்று வைத்தாலும் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு நாளில் 504 டொலர். ஒரு நல்லாசிரியர் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் இறுதிநாட் காலையில் கதவடியிற் செருகப்பட்ட கணக்கைக் கண்டு, மகனுக்குத் தெரியாமல் இரவு முழுதும் விழித்திருந்ததாகச் சொன்னார்.

குடிவகைக்கான மொத்தக் கட்டணத்திலும் ஒரு பொறி உண்டு. சில நிறுவனங்களில் ஓர் அறையிலுள்ள வளர்ந்தவர் ஒருவர் மதுவுக்கான அந்தத் திட்டத்தை வாங்கினால், அதே அறையிலுள்ள மற்ற வளர்ந்தவர்களும் வாங்கியாக வேண்டும். தம்பியின் இரண்டு பியருக்காக, பிளேன்ரீ தவிர எதையும் தொடாத அக்காவும் பணம் கட்டுகிறார். கைத்தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைக்காது விட்டால் அது கப்பலின் செய்மதி வலையமைப்பில் ஒட்டிக்கொண்டு கட்டணத்தைக் குவிக்கும். கப்பல் மருத்துவர் பார்ப்பார், கட்டணத்துடன் பார்ப்பார். கிளிநொச்சி வைத்தியசாலையில் துண்டெடுத்து வரிசையில் நின்று இலவசமாக மருந்து வாங்கிப் பழகியவருக்கு இதனை முன்னரே சொல்லி, காப்புறுதி எடுக்கச் செய்வதல்லவோ முகவரின் தொழில்?

பணம் போனால் ஒருவாறு தேடிக்கொள்ளலாம். நம்மவரை உண்மையில் வீழ்த்துவது கடவுச்சீட்டும் விசாவும்தான். வவுனியாவைச் சேர்ந்த ஒரு தாய் பாரிசில் உள்ள மகளிடம் போனார். அவரிடம் இருந்தது ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய செங்கன் விசா. மகள் கிரேக்கத்தின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலில் முழுக் குடும்பத்துக்கும் இடம் பதிந்திருந்தாள். அக்கப்பல் இடையில் துருக்கியின் குசாடசியைத் தொட்டு மீண்டும் கிரேக்கத் தீவுக்குத் திரும்புவது. துருக்கி செங்கன் வலயத்தில் இல்லை. ஆகவே, கப்பல் திரும்பிவரும்போது அது இரண்டாவது நுழைவாகிவிடும். அதற்கு இவரது விசாவில் இடமில்லை. ஏறும் இடத்தில் அவரை நிறுத்திவிட்டனர். மருமகனும் பேரப்பிள்ளைகளும் போக, மகள் தாயுடன் கரையில் நின்றுவிட்டாள். செலுத்திய பணத்தில் ஒரு சதமும் திரும்பவில்லை. "ஆவணங்களுக்குப் பயணியே பொறுப்பு" என்று நிபந்தனையில் இருக்கிறதாம். இருக்கிறதுதான், நானும் வாசித்தேன். ஆனால் துறைமுகங்களின் பட்டியலும் அத்தாயின் கடவுச்சீட்டின் பிரதியும் ஒரே மேசையில், ஒரே முகவரின் முன்னால் கிடந்தன என்பதையும் நான் அறிவேன். விசாவைப் பற்றி மகள் கேட்டபோது "அதெல்லாம் பிரச்சினையில்லை அக்கா" என்றாராம்.

கனடாவில் இதற்கு வேறொரு வடிவம். 2009 ஒக்ரோபரில் "ஓசன் லேடி" 76 பேருடனும், 2010 ஓகஸ்ற்றில் "சன் சீ" 492 பேருடனும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தன. சன் சீயில் வந்தவர்களிற் பலர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். அக்கப்பல் கொண்டுசெல்லப்பட்ட எஸ்குவைமால்ற் கடற்படைத் துறைக்கு அயலிலுள்ள விக்ரோறியாவில், சியாற்றிலில் இருந்து அலாஸ்கா செல்லும் சொகுசுக் கப்பல்கள் இன்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து தரிக்கின்றன. அமெரிக்கத் துறையிற் புறப்பட்டு அங்கேயே திரும்பும் வெளிநாட்டுக் கொடிக் கப்பல் இடையில் ஓர் அந்நிய துறையைத் தொட்டாக வேண்டும் என்ற 1886ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குக் காரணம். இனி நடைமுறைக்கு வருவோம். கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றும் இன்னும் குடியுரிமை பெறாத இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர், வன்கூவரில் ஏறினாலும் அலாஸ்காவுக்கு அமெரிக்க விசா எடுக்கவேண்டும். அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்பவருக்கும் அப்படியே. அதைவிட ஒன்று: அவ்வாவணம், எந்த நாட்டிலிருந்து தஞ்சம் கோரினாரோ அந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. இந்து சமுத்திரத்தைச் சுற்றும் கப்பல் கொழும்பைத் தொட்டால் அவர் நிலை என்ன? "எங்கடை கப்பல் கொழும்புக்கும் போகுது, நான் இறங்காமல் உள்ளுக்கையே இருக்கலாமோ?" என்று ஒருவர் கேட்டதை அறிவிலிக் கேள்வி என்று எவராவது சொல்வாராயின், அவரோடு வாதிட எனக்கு விருப்பமில்லை. அது ஒரு வழக்கறிஞர் கேட்கவேண்டிய கேள்வி.

வழக்கறிஞர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கப்பற் சீட்டில் உள்ள பொடி எழுத்து வெறும் அலங்காரமன்று. அமெரிக்காவின் வொஷிங்ரன் மாநிலத் தம்பதியர் கார்னிவல் நிறுவனத்தின் கப்பலொன்றிற் பயணம் செய்தனர். மனைவி கப்பலில் வழுக்கி விழுந்தார். தம் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தனர். சீட்டின்படி வழக்கைப் புளோரிடாவில் மட்டுமே தொடுக்கலாம் என்று நிறுவனம் வாதிட, 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதையே சரியெனத் தீர்த்தது. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்ட, அந்நாட்டிலேயே வாழ்ந்த இருவருக்கு நேர்ந்தது இது. விசுவமடுவிலிருந்து போகிற ஒருவர் விழுந்தால் எந்த நாட்டு நீதிமன்றப் படியேறுவார்?

இன்னொரு கேள்விக்கும் பலர் சிரிக்கின்றனர்: "எல்லாருக்கும் காணுமான அளவு உயிர்காப்புப் படகு இருக்குதோ?" வன்னி மக்கள் கப்பலையும் கடலையும் அறியாதவரல்லர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆனையிறவுப் பாதை மூடுண்டபோது கிளாலிக் கடல்நீரேரியை இரவில், சூடுகளுக்கிடையில் படகிற் கடந்தவர்கள் அவர்கள். 2009 பெப்ரவரி முதல் மே வரை முல்லைத்தீவுக் கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் "கிறீன் ஓசன்" கப்பல் மூலம் காயப்பட்டோரையும் உடன்சென்றோரையும் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றியது. 13,000 பேருக்கு மேல். கப்பல் கரைக்கு வர இயலாத ஆழம். சிறு படகுகளில் ஏற்றி, அலையில் ஆடிக்கொண்டு, தூக்குப்படுக்கைகளை மேலே ஏற்றினர். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று கரையில் முடிவெடுக்கப்பட்டதைக் கண்ணாற் கண்டவர், ஒரு கப்பலில் ஏறுமுன் இடம் எத்தனை, படகு எத்தனை என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். 2012 ஜனவரி 13இல் இத்தாலியக் கரையில் "கொஸ்ரா கொன்கோர்டியா" பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அவசர ஒன்றுகூடற் பயிற்சி நடந்திருக்கவேயில்லை. அதன் பிறகே, கப்பல் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் அப்பயிற்சி நடந்தாக வேண்டுமென விதி இறுக்கப்பட்டது. ஆதலால், பயிற்சிக்கு மணி அடிக்கும்போது நீச்சற்குளத்தருகில் படம் எடுத்துக்கொண்டு நிற்கும் நாகரிகக்காரரைவிட, தன் ஒன்றுகூடும் இடத்தை முதல் ஆளாய்த் தேடிப் போகும் வன்னி அம்மாவே நல்ல பயணி.

சென்னையிலிருந்து இங்கே வருகிறவரும் பதில் கிடைக்காமல்தான் திண்டாடுகிறார். 2023 யூனில் சென்னையிலிருந்து கோடீலியா நிறுவனத்தின் "எம்பிரஸ்" அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வரத்தொடங்கியது. 1990இல் பிரான்சிற் கட்டப்பட்டு, பின்னர் றோயல் கரிபியனிடம் ஓடிய பழைய கப்பல்தான். எனினும் காங்கேசன்துறையில் அமைச்சர்மாருக்குப் பெருங் கொண்டாட்டம். திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பல் முல்லைத்தீவுக் கடலைக் கடந்தே போகவேண்டும். மேற்தளத்தில் நிற்பவருக்கு அக்கரை ஒரு கறுத்த கோடு. காங்கேசன்துறையில் இறங்கியதும் "கிளிநொச்சியில் என் அத்தை இருக்கிறார், பார்த்துவர முடியுமா?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. நான் சொல்கிறேன்: ஏறத்தாழ 80 கிலோமீற்றர், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். குடிவரவு வரிசையில் நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள். கப்பல் நடத்தும் சுற்றுலாவிற் சென்றவர் தாமதித்தால் பெரும்பாலும் கப்பல் காத்திருக்கும். தனி வாகனத்திற் சென்றவருக்காகக் காத்திராது. ஆகவே கப்பலை நம்பி அத்தையைப் பார்க்க வராதீர்கள். விமானத்தில் வாருங்கள், நான்கு நாள் தங்குங்கள். வன்னியைக் கடந்து போகும் கப்பலால் வன்னிக்கு வருவது அதன் புகை மட்டுமே என்பதையும் அந்த அமைச்சர்மார் அறிந்திருந்தால் நல்லது.

தமிழில் விளம்பரம் இடும் முகவர்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஒரே ஒரு தாள். துறைமுகங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் இன்ன கடவுச்சீட்டுக்காரருக்கு இன்ன விசா, அன்பளிப்பும் வரியும் சேர்ந்த முழுத் தொகை, தனியாளுக்கு எவ்வளவு, கொண்டுவரக் கூடாதவை எவை, பயணத்தைக் கைவிட்டால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பும். தமிழில், கையொப்பத்துடன், பணம் வாங்குமுன். அதைத் தர மறுப்பவருக்கு விளம்பர இடம் தருவதில்லை என்று நம் பத்திரிகைகளும் வானொலிகளும் முடிவெடுக்கலாம். எடுக்க மாட்டா, முழுப்பக்க வண்ண விளம்பரத்தின் ருசி எனக்கும் தெரியும்.

பரந்தனில் ஓர் அம்மாவுக்கு வரும் மாதம் பயணம். முழங்கால் வலி, தடியூன்றி நடப்பவர். கப்பல் தொடும் நான்கு துறைகளுள் ஒன்றில் அது கரையில் அணையாது, கடலில் நின்றபடி சிறு படகில் இறக்கும் என்று படித்தேன். அலை இருந்தால், நடக்க இயலாதவரை அப்படகில் ஏற்ற மறுப்பதும் உண்டு. புதுமாத்தளனில் மகனைச் சிறு படகிலேற்றி அனுப்பிய அம்மா அவர். அந்த ஒரு நாள் கப்பலிலேயே இருக்க நேர்ந்தால் உடன் யார் இருப்பார் என்று கேட்டு மூன்று கிழமைக்கு முன் முகவருக்கு அவர் சார்பில் எழுதினேன். இரண்டாம் முறையும் எழுதியிருக்கிறேன்.